படிப்பகக் கணினிகளில் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கை: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: படிப்பகப் பொறுப்பாளர்

வணக்கம். எங்கள் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். அரசுப் பணித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கவும், கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களை நிரப்பவும், கட்டணம் கட்டவும் மாணவர்கள் இங்குதான் வருகிறார்கள். ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த இரண்டு மேசைக் கணினிகளும், நண்பர் ஒருவர் கொடுத்த மடிக்கணினியும் உள்ளன. சில வாரங்களாக மூன்றிலும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கை வருகிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வருவதுதான் குழப்பமாக இருக்கிறது.

முதல் கணினி விண்டோஸ் 10. இரவு படிப்பகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவோம். காலையில் திறந்ததும் கூகுள் உட்பட எந்தத் தளத்துக்குப் போனாலும் எச்சரிக்கைதான். இரண்டாவது கணினி விண்டோஸ் 7. அதில் சில தளங்கள் ஒரு குறையும் இல்லாமல் திறக்கின்றன, வேறு சில திறப்பதே இல்லை. மூன்றாவது மடிக்கணினியில் தேதி, நேரம் எல்லாம் சரியாக இருந்தும், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் எல்லாத் தளங்களுக்கும் எச்சரிக்கை வருகிறது. இவை போதாவென்று, பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் சேர்க்கைத் தளம் மூன்று கணினிகளிலும், என் கைபேசியிலும்கூட எச்சரிக்கையோடுதான் வருகிறது.

கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து, முதல் இரண்டு கணினிகளிலும் குரோம் ஷார்ட்கட்டின் பண்புகளுக்குள் போய் ஏதோ ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எச்சரிக்கை வருவது நின்றுவிட்டது. ஆனால் குரோமைத் திறக்கும்போதெல்லாம் மேலே ஒரு பட்டை தோன்றி, பாதுகாப்புக் குறையும் என்று சொல்கிறது. பிள்ளைகள் இதே கணினிகளில் கடவுச்சொல்லும் வங்கி அட்டை எண்ணும் தட்டச்சு செய்கிறார்கள் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டளை சரியான தீர்வுதானா? இல்லையென்றால், ஒவ்வொரு கணினியிலும் உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வலைக்காவலர்

வணக்கம் ஐயா. உங்கள் மனம் ஒப்பாதது முற்றிலும் நியாயம். வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கட்டளையை இன்றே நீக்கிவிடுங்கள். ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து, 'பண்புகள்' சாளரத்தில் 'டார்கெட்' என்னும் கட்டத்தைப் பார்த்தால், கடைசியில் 'இக்னோர் சர்டிபிகேட் எரர்ஸ்' என்று இரட்டைக் கோடு போட்டு எழுதியிருக்கும். அதை மட்டும் அழித்துச் சேமித்துவிட்டு, குரோமை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். அந்தக் கட்டளை பிழையைச் சரிசெய்வதில்லை. எந்தத் தளத்தின் சான்றிதழையும், அதாவது அது உண்மையான தளம்தான் என்று காட்டும் மின்னணு அடையாளச் சீட்டையும், சோதிக்காதே என்று உலாவியிடம் சொல்கிறது. அதன் பிறகு மாணவர் வங்கித் தளத்துக்குத்தான் போனாரா, வங்கியின் பெயரில் நடுவில் நிற்கும் வேறொருவரிடம் போனாரா என்று குரோமுக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது.

சான்றிதழ் விஷயத்தில் உலாவி முக்கியமாக மூன்று கேள்விகளைக் கேட்கிறது. முகவரிப் பட்டையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா? இன்றைய தேதி அந்தச் சான்றிதழின் தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையில் இருக்கிறதா? கையெழுத்திட்டவரைப் படிப்படியாகத் தொடர்ந்து மேலே போனால், நான் ஏற்கெனவே நம்பும் வேர்ச் சான்றிதழ்கள் பட்டியலில் உள்ள ஒன்றில் போய் முடிகிறதா? இவற்றில் எது தவறினாலும் முகப்பில் தெரியும் வாசகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பிழைக் குறியீட்டில்தான் இருக்கிறது. குரோமில் 'நெட் எர் செர்ட்' என்று தொடங்கும் அந்த வரி, 'டேட் இன்வேலிட்' என்று முடிந்தால் தேதிச் சிக்கல், 'காமன் நேம் இன்வேலிட்' என்றால் பெயர்ச் சிக்கல், 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றால் கையெழுத்திட்டவரை உலாவிக்குத் தெரியவில்லை. ஆகவே இனி எச்சரிக்கை வந்தால் முதலில் அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை மாணவர்களுக்கும் ஏற்படுத்துங்கள். குக்கீகளை அழியுங்கள், தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள் என்று இணையத்தில் நூறு இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சான்றிதழ்ப் பிழை அதனால் தீர்வது மிக மிக அரிது.

உங்கள் முதல் கணினியைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு வாக்கியமே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்த மறுநாள் காலை எல்லாத் தளங்களிலும் பிழை வருகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது அந்தப் பேட்டரிதான். அது போய்விட்டால், கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியில் எழும். அந்தத் தேதியில் நின்று பார்த்தால் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காதவை. அதனால்தான் கூகுள்கூடத் திறக்கவில்லை. குரோம் சில சமயம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்றே சொல்லிவிடும். கட்டளை சேர்த்திருந்ததால் அந்த உதவியும் உங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

பேட்டரியின் மேல் 'சிஆர் 2032' என்று பொறித்திருக்கும். 3 வோல்ட், ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருக்கும், எலெக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பேட்டரியைப் பிடித்திருக்கும் சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் மேலே எழும்பி வரும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். முதல்முறை இயக்கும்போது, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு, இணையத்திலிருந்து தானே நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அது நடக்காமல் போகலாம். வீட்டுக் கணினிகளில் விண்டோஸின் நேரச் சேவை, வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் திருத்த மறுக்கும்படிதான் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. தேதியை நீங்கள் கையால் கிட்டத்தில் கொண்டுவந்துவிட்டால், நிமிடக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். நேர மண்டலம் இந்திய நேரமாக, அதாவது ஐந்தரை மணி நேரம் கூடுதலாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மண்டலத்தை மாற்றி வைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி திருத்திய கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்ற இரண்டு கணினிகளிலும் குறியீடு என்ன, சான்றிதழை வழங்கியவர் பெயர் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். எச்சரிக்கைப் பக்கத்தில் இருந்தபடியே, முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் 'பாதுகாப்பானதல்ல' என்று இருப்பதைத் தட்டினால், சான்றிதழைக் காட்டும் வரி ஒன்று வரும். அதைத் திறந்தால் யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கியது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று எல்லாம் தெரியும். சான்றிதழைத் திறந்து பார்ப்பதால் எந்த ஆபத்தும் இல்லை. எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போக வேண்டியதும் இல்லை.

படிப்பகப் பொறுப்பாளர்

மிக்க நன்றி ஐயா. கட்டளையை இரண்டு கணினிகளிலும் நீக்கிவிட்டேன். முதல் கணினியில் நீங்கள் சொன்னதேதான் நடந்திருக்கிறது. பணிப்பட்டையில் நேரம் மட்டும் தெரியும்படி வைத்திருந்ததால் ஆண்டு தவறியதை எவரும் கவனிக்கவில்லை. பேட்டரி மாற்றியதும் எச்சரிக்கை முற்றிலும் நின்றுவிட்டது.

விண்டோஸ் 7 கணினியில் 'நெட் எர் செர்ட் அத்தாரிட்டி இன்வேலிட்' என்று வருகிறது. குரோமின் பதிப்பு 80க்குச் சற்று மேலே ஏதோ ஓர் எண். திறக்காத தளங்களின் சான்றிதழைப் பார்த்தபோது, நான் பார்த்த வரையில் எல்லாவற்றிலும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற பெயர் இருந்தது. மடிக்கணினியிலும் அதே குறியீடுதான். ஆனால் அங்கே வழங்கியவர் என்ற இடத்தில், கூகுளைத் திறந்தாலும் வங்கியைத் திறந்தாலும், ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயர்தான் இருக்கிறது. அந்த மென்பொருள் மடிக்கணினியோடு சோதனைக் காலத்துக்கு வந்தது. காலம் முடிந்து பல மாதங்கள் ஆகின்றன, பாதி நீக்கிய நிலையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதில்: இணையமையம் நடத்துபவர்

வணக்கம். மேலே நண்பர் சொல்வதெல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசித் தேதி மாலையில், விண்ணப்பத்தை அனுப்ப இன்னும் சிறிது நேரமே இருக்கும்போது, ஒரு மாணவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சான்றிதழை ஆராய முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். நான் நடத்தும் மையத்தில் 'மேம்பட்டவை' என்பதை அழுத்தி, கீழே வரும் 'தொடரவும்' இணைப்பின் வழியாகத்தான் பல முறை காரியம் முடித்திருக்கிறோம், எதுவும் நடந்ததில்லை. எல்லா எச்சரிக்கைக்கும் நின்றுவிட வேண்டும் என்றால் தொழில் நடத்த முடியாது. எந்த இடத்தில் தாண்டலாம், எந்த இடத்தில் தாண்டவே கூடாது என்று ஒரு வரையறை சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயனாக இருக்கும்.

பதில்: வலைக்காவலர்

இணையமையம் நடத்தும் நண்பருக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது, அந்த மாணவரின் பதற்றமும் புரிகிறது. ஆனால் எதுவும் நடந்ததில்லை என்பதை நாம் எப்படி அறிவோம்? நடுவில் நின்று கடவுச்சொல்லைப் படித்தவர் நமக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போவதில்லை.

2011இல் நெதர்லாந்தில் டிஜினோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து, கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் இணைப்புகள் இடைமறிக்கப்பட்டன. பின்னர் நடந்த ஆய்வில், அந்தப் போலிச் சான்றிதழை எதிர்கொண்ட ஏறக்குறைய 3 லட்சம் இணைய முகவரிகள் கணக்கிடப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஈரானைச் சேர்ந்தவை. அந்தச் சான்றிதழ் முறையான நிறுவனம் கையெழுத்திட்டதாகவே இருந்ததால் மற்ற உலாவிகள் அதை ஏற்றுக்கொண்டன. கூகுள் தளங்களுக்கு எந்தெந்த நிறுவனங்கள் சான்றிதழ் வழங்கலாம் என்ற குறிப்பைக் குரோம் தனக்குள் வைத்திருந்ததால், அது மட்டும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கண்ட ஈரானியப் பயனர் ஒருவர், இதே போன்ற ஓர் உதவி மன்றத்தில், ஆகஸ்ட் மாதக் கடைசியில், எனக்கு இப்படி வருகிறதே என்று கேள்வி எழுதினார். அதிலிருந்துதான் அந்தக் களவு உலகத்துக்குத் தெரிய வந்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது. அவர் அன்று எச்சரிக்கையைத் தாண்டிப் போயிருந்தால் எத்தனை நாள் அது தொடர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட வரையறையையும் சொல்கிறேன். உங்கள் சொந்த வைஃபை ரௌட்டரின் அமைப்புப் பக்கம், அதாவது 192.168 என்று தொடங்கும் முகவரி, எச்சரிக்கை தருவது இயல்பு. அந்தக் கருவி தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்கிறது, வெளியுலகில் அதற்குச் சாட்சி யாரும் இல்லை. அதுபோலவே 127.0.0.1 என்ற முகவரி உங்கள் கணினியையே குறிக்கும். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பமிட உதவும் மென்பொருள் இந்த முகவரியில்தான் இயங்குகிறது. அதை நிறுவும்போது ஒருமுறை எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டி வரலாம். இந்த இரண்டு இடங்களிலும் இணைப்பு உங்கள் கூரையை விட்டு வெளியே போவதில்லை. வெளியே இருக்கும் எந்தத் தளத்திலும் கடவுச்சொல், ஆதார் எண், அட்டை எண், ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) ஆகியவற்றில் எதையாவது தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் தாண்டக் கூடாது. நேற்று நள்ளிரவு காலாவதியான சான்றிதழுள்ள தளத்தில் ஓர் அறிவிப்பை வெறுமனே வாசிக்கிறீர்கள் என்றால் ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலாவதி என்பதைச் சான்றிதழைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். பல வங்கித் தளங்களில் 'தொடரவும்' என்ற இணைப்பே வராததைக் கவனித்திருப்பீர்கள். எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாட்டின்படி, என் தளத்தில் சான்றிதழ் தவறினால் யாரையும் உள்ளே விடாதே என்று அந்தத் தளமே உலாவிக்கு முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறது. அங்கே குறுக்கு வழி தேடுவது அந்த வங்கியின் விருப்பத்துக்கே எதிரானது. அவசர நேரத்தில் செய்யத்தக்கது, மாணவரின் கைபேசி இணைய இணைப்பைப் பகிர்ந்து, கடிகாரம் சரியாக உள்ள வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது. அங்கே எச்சரிக்கையின்றித் திறந்துவிட்டால் விண்ணப்பத்தையும் முடித்துவிடலாம், கோளாறு தளத்தில் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

இனி விண்டோஸ் 7. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தரும் நிறுவனம், உலகெங்கும் கோடிக்கணக்கான தளங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. தொடக்க காலத்தில் அது வேறொரு பழைய நிறுவனத்தின் 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்ற வேர்ச் சான்றிதழைச் சார்ந்து நின்றது. அந்த வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பதிலாக வந்த 'ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1' என்ற புதிய வேர், பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகளில் இல்லை. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைபேசிகளிலும் இதே சிக்கல்தான். விண்டோஸ் 7 புதிய வேர்களைத் தேவைப்படும்போது மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் அலுவலகக் கணினிகளில் அந்த வசதியைப் பல நேரம் நிறுத்தி வைத்திருப்பார்கள். உங்களுடையது அலுவலகம் கழித்துக் கொடுத்தது என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் வலுவாக இருக்கிறது. 105ஆம் பதிப்பிலிருந்து குரோம் விண்டோஸில் தனக்கென ஒரு வேர்ப் பட்டியலைக் கொண்டுவரத் தொடங்கியது. உங்களிடம் இருக்கும் 80 சொச்சம் பதிப்பு விண்டோஸின் பட்டியலையே பார்க்கிறது, அந்தப் பட்டியல் பழையது.

உடனடித் தீர்வாக, ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115ஐ, அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் எப்போதுமே தன் சொந்த வேர்ப் பட்டியலோடு வருகிறது என்பதால் விண்டோஸ் பட்டியலின் முதுமை அதைப் பாதிக்காது. 115.13க்குக் குறைந்த பதிப்பு வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸின் உள்ளேயே இருந்த ஒரு வேர் 2025 மார்ச் 14 அன்று காலாவதியாகிவிட்டதால் அவற்றில் வேறு தொல்லைகள் வரும். குரோமைப் பொறுத்தவரை விண்டோஸ் 7க்கு 109தான் கடைசிப் பதிப்பு. ஆனால் இவை எல்லாம் சில காலத்துக்குத்தான். விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. பிள்ளைகள் பணம் கட்டும் கணினி அந்த நிலையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வடிவம் அதில் நன்றாகவே ஓடும், தமிழும் தட்டச்சு செய்யலாம், உலாவியும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். யாராவது ஒரு வேர்ச் சான்றிதழ்க் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பி, இதை நிறுவினால் சரியாகிவிடும் என்று சொன்னால் ஒருபோதும் ஏற்காதீர்கள். ஒரு வேரை நம்புவது, அதன் சாவியை, அதாவது அதன் பெயரில் கையெழுத்திடப் பயன்படும் ரகசியக் குறியீட்டை, வைத்திருப்பவர் உலகில் எந்தத் தளத்தின் பெயரிலும் உங்கள் கணினியிடம் பேசலாம் என்று அனுமதி கொடுப்பதாகும். 2015 பிப்ரவரியில் வெளியான சூப்பர்ஃபிஷ் விவகாரம் இதுதான்: லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றோடு வந்த விளம்பர மென்பொருள், எல்லாக் கணினிகளிலும் ஒரே வேரையும் ஒரே சாவியையும் வைத்திருந்தது, அந்தச் சாவியை ஆய்வாளர்கள் எளிதில் வெளியே எடுத்துவிட்டார்கள்.

மடிக்கணினியில் நடப்பதும் இதற்கு உறவானதே. பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், பூட்டிய இணைப்புக்குள் என்ன வருகிறது என்று சோதிப்பதற்காக, உலாவிக்கும் தளத்துக்கும் நடுவில் தாமே நின்று, ஒவ்வொரு தளத்துக்கும் தம் பெயரில் ஒரு சான்றிதழை உடனுக்குடன் எழுதித் தருகின்றன. அதை ஏற்பதற்காக நிறுவும்போதே தம் வேரை விண்டோஸில் பதித்துக்கொள்ளும். உங்கள் மடிக்கணினியில் வேர் நீங்கிவிட்டது, நடுவில் நிற்கும் பகுதி நீங்கவில்லை. அதனால் எல்லாத் தளத்திலும் அந்த மென்பொருளின் பெயரையே பார்க்கிறீர்கள். அதைத் தயாரித்தவர்களே வழக்கமாக ஒரு முழு நீக்கக் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருப்பார்கள். அதை உங்கள் கைபேசியில் இறக்கி, கம்பி வழியாக மடிக்கணினிக்கு மாற்றி, இயக்கிய பின் ஒருமுறை அணைத்துத் திறங்கள். பிறகு கூகுளைத் திறந்து வழங்கியவர் பெயரைப் பாருங்கள். கூகுளின் சொந்தச் சான்றிதழ் நிறுவனமான 'கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ்' என்று இருந்தால் நடுவில் யாரும் இல்லை. விண்டோஸ் 10இல் உள்ளடங்கிய டிஃபென்டர் உங்கள் தேவைக்குப் போதும், அது இப்படிச் சான்றிதழை மாற்றி எழுதுவதில்லை.

பதில்: தளப் பராமரிப்பாளர்

வணக்கம். கல்லூரித் தளத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சில கல்வி நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. எல்லாக் கணினிகளிலும், கைபேசியிலும், வெவ்வேறு இணைப்புகளிலும் ஒரே தளம் மட்டும் பிழை தந்தால் கோளாறு தளத்தில்தான் இருக்கிறது. உங்கள் பக்கம் நீங்கள் எதை மாற்றினாலும் தீராது. ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ இருந்தால் எடுத்துவிட்டும், இல்லாவிட்டால் சேர்த்தும் தட்டச்சு செய்யுங்கள். சான்றிதழில் இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சேர்க்கைக்கென்று தனி முகவரி வைத்திருக்கும் கல்லூரிகளிலும் இது நடக்கும். நட்சத்திரக் குறி போட்ட பொதுச் சான்றிதழ் ஒரே ஒரு அடுக்கை மட்டுமே உள்ளடக்கும். கல்லூரிப் பெயருக்கு முன்னால் 'சேர்க்கை, புள்ளி, தேர்வு, புள்ளி' என்று இரண்டு அடுக்கு வந்தால் அந்தச் சான்றிதழ் அதற்குச் செல்லாது.

குறியீடு தேதிச் சிக்கலைச் சொன்னால், பெரும்பாலும் யாரோ புதுப்பிக்க மறந்திருப்பார்கள், அல்லது புதுப்பித்தும் பயன் இல்லாமல் போயிருக்கும். இரண்டாவது வகையை அடிக்கடி காண்கிறேன். புதிய சான்றிதழ்க் கோப்பு சர்வரின் வட்டில் தானாக வந்து அமர்ந்திருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள், தான் தொடங்கிய நாளில் நினைவகத்தில் ஏற்றிய பழையதையே எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். நிர்வாகி கோப்பைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று திருப்தியடைந்துவிடுவார். சர்வர் மென்பொருளை ஒருமுறை மறுஏற்றம் செய்தால் அந்த நொடியே சரியாகிவிடும். புதுப்பித்தவுடன் மறுஏற்றமும் நடக்கும்படி ஒரு கட்டளையைச் சேர்த்துவைப்பது எங்களைப் போன்றவர்களின் கடமை.

இன்னொரு வகையில் கணினியில் திறக்கும் தளம், சில செயலிகளிலும் பழைய கருவிகளிலும் மட்டும் திறக்காது. சர்வர் தன் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு, அதற்கும் வேருக்கும் நடுவில் உள்ள இடைநிலைச் சான்றிதழைக் கொடுக்க மறந்திருக்கும். சில உலாவிகள் விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்வதால் நிர்வாகியின் கணினியில் குறை தெரியாது. என் உலாவியில் திறக்கிறதே என்று நிர்வாகி பதில் சொன்னால், இடைநிலைச் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லி அழுத்திக் கேளுங்கள்.

இந்தச் சிக்கல் இனிமேல் குறையாது, கூடும் என்றே கவலைப்படுகிறேன். 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். சாவி திருட்டுப் போனாலும் அதன் பயன் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் இது நல்ல முடிவுதான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கையால் சான்றிதழ் மாற்றிப் பழகிய சிறிய நிறுவனங்கள் தானியங்கி முறைக்கு மாறாவிட்டால், சேர்க்கை நேரத்தில் தளம் முடங்கும். லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு அனுப்பி வந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களையும் 2025 ஜூன் 4 முதல் நிறுத்திவிட்டது.

ஆகவே அந்தக் கல்லூரிக்கு எழுதுங்கள். 'தளம் திறக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் அது அலுவலகத்திலேயே நின்றுவிடும். நீங்கள் தட்டச்சு செய்த முழு முகவரி, பிழைக் குறியீடு, சான்றிதழில் காணும் முடிவுத் தேதி, அதில் எழுதியிருக்கும் பெயர்கள், நீங்கள் பார்த்த நாளும் நேரமும், கைபேசி இணைப்பிலும் இதே பிழை வந்தது என்ற தகவல் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பினால், சர்வரைக் கவனிப்பவர் அதைப் படித்த மாத்திரத்தில் எங்கே கை வைக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்.

படிப்பகப் பொறுப்பாளர்

அனைவருக்கும் நன்றி. மடிக்கணினியில் முழு நீக்கக் கருவியை இயக்கிய பிறகு வழங்கியவர் இடத்தில் 'கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ்' என்று வந்துவிட்டது. விண்டோஸ் 7 கணினியில் இப்போதைக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 நிறுவியிருக்கிறேன், திறக்காமல் இருந்த தளங்கள் திறக்கின்றன. தேர்வு விண்ணப்பக் காலம் முடிந்ததும் அதில் லினக்ஸ் மின்ட் ஏற்ற முடிவு செய்திருக்கிறோம். கல்லூரித் தளத்தின் சான்றிதழைத் திறந்து பார்த்தேன்: முடிவுத் தேதி போன வாரமே கடந்துவிட்டது, பெயரில் கோளாறு இல்லை. நீங்கள் சொன்ன விவரங்கள் அனைத்தையும் சேர்த்துக் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அவர்கள் சரிசெய்யும் வரை அந்தத் தளத்தில் கட்டணம் கட்ட வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லி, கணினிகளின் பக்கத்தில் அறிவிப்பும் ஒட்டியிருக்கிறேன்.

பதில்: தளப் பராமரிப்பாளர்

முடிவுத் தேதி போன வாரம் என்றால், புதுப்பித்துவிட்டு மறுஏற்றம் செய்யாமல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வரியையும் மின்னஞ்சலில் சேர்த்து இன்னொரு முறை அனுப்புங்கள். சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்குகிறதென்றால் நேரில் போய்க் கட்டணம் கட்ட அனுமதி உண்டா என்றும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்; தொலைபேசி எண்ணை அந்தத் தளத்திலிருந்து எடுக்காமல், அச்சிட்ட விளக்கக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.